மாடு சினை பிடிக்காததற்குக் கருமணலா காரணம்?

"டாக்டரே, மூன்று முறை ஊசி போட்டாயிற்று. பசு சினை நிற்கவில்லை. மணலில் இருக்கிற கதிர்வீச்சுதானே காரணம்?" குமரிக் கடற்கரையின் மணவாளக்குறிச்சி, சின்னவிளை, கடியபட்டணம் பக்கத்திலிருந்து வரும் மாடு வளர்ப்போர் கால்நடை மருத்துவனான என்னிடம் இப்படிக் கேட்பது வழக்கம். அச்சத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் தாது இருப்பதை 1909இல் கண்டார். அதில் கதிர்வீசும் தோரியமும் சிறிதளவு யுரேனியமும் உண்டு. இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், தாது மணல் செறிந்த கரைகளில் அதைப்போல் பல மடங்கு பதிவாகிறது.

ஆனாலும் பசுவின் மலட்டுத்தன்மைக்கு மணலைக் காரணம் காட்டுவதை நான் ஏற்பதில்லை. அதைச் சொல்லிக் கைவிட்ட பசுக்களில் பலவற்றுக்கு மருத்துவம் இருந்தது என்பதுதான் என் வருத்தம்.

மணலிலிருந்தும் எக்ஸ்ரேயிலிருந்தும் வரும் அயனியாக்கும் கதிர்வீச்சு உயிரணுவுக்குள் புகும்போது இரட்டை இழையான மரபிழையை (டி.என்.ஏ.) அறுக்கிறது. ஓர் இழை அறுந்தால் உயிரணு பெரும்பாலும் ஒட்டவைத்துக்கொள்ளும். இரண்டும் ஒருசேர அறுந்தால் பிழையாக ஒட்டவோ உயிரணுவே மடியவோ நேரும். ஓயாமல் பிரியும் உயிரணுக்கள் இதில் எளிதாக அடிபடும். அதனால்தான் விந்தகம் கதிர்வீச்சால் உடலிலேயே மிக எளிதில் பாதிக்கப்படும் உறுப்புகளில் ஒன்று. 1903இல் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் முயல்களுக்கும் கினிப் பன்றிகளுக்கும் எக்ஸ் கதிர் செலுத்தியபோது, ஆண் விலங்குகள் வழக்கம்போல் இணைசேர்ந்தன, விந்தணுதான் இல்லை. விந்தகத்தில் ஹார்மோன் சுரக்கும் உயிரணுக்கள் கதிர்வீச்சை ஓரளவு தாங்கும், விந்தணுவாக வளரவிருக்கும் இளம் உயிரணுக்கள் தாங்காது என்பதே அதன் காரணம்.

பாதிப்பு உடனே தெரிவதும் இல்லை. காளையில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாள் ஆகிறது. முதிர்ந்த விந்தணுக்கள் எளிதில் மடியாததால் முதல் சில வாரங்கள் எண்ணிக்கை குறையாது. அந்த இடைக்காலத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். முதிர்ந்த விந்தணுவுக்குத் தன் மரபிழையைப் பழுதுபார்க்கும் திறன் இல்லை. அறுந்த இழையோடுதான் அது கருமுட்டையை அடையும்.

பெட்டையின் கதை வேறு. அதன் கருமுட்டைகள் பிறக்கும்போதே இருப்பில் உள்ளவை. இழந்தால் ஈடு இல்லை. சுண்டெலியின் இளம் கருமுட்டைகள் 0.1 கிரே (திசு ஏற்கும் கதிர்வீச்சின் அலகு; இந்தக் கதிர்களுக்கு ஒரு கிரே ஏறத்தாழ ஒரு சீவர்ட்) அளவிலேயே பெருமளவு அழிந்துவிடுகின்றன. மனிதக் கருமுட்டைகள் அதைவிடப் பல மடங்கு தாங்கும். எலியில் கண்டதை அப்படியே பசுவின் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது.

இனி அளவுக்கு வருவோம். ஆணுக்குத் தற்காலிக மலட்டுத்தன்மை வர, ஒரே வீச்சில் விந்தகத்தின் மேல் 150 மில்லிகிரே விழ வேண்டும். ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக விழுந்தால் அந்த எல்லை ஏறத்தாழ 400 மில்லிகிரே. இவை மனிதருக்கான கணக்கு. நம் கடற்கரைக் கதிர்வீச்சு இதற்கு வெகு கீழே இருக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ரஸ்ஸல் தம்பதியர் இலட்சக்கணக்கான சுண்டெலிகளை ஆராய்ந்து, மெதுவாகப் பட்ட கதிர்வீச்சு விந்தணுத் தாய் உயிரணுக்களில் உண்டாக்கும் மரபு மாற்றம், அதே அளவு ஒரேயடியாகப் பட்டால் உண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்று கண்டனர். நமக்கு இன்னும் நெருங்கிய சான்றும் உண்டு. 1960களில் மரபியலர் ஹான்ஸ் குரூனெபெர்க் குழுவினர், மரபு மாற்றத்தின் தடயம் தேடி, கேரளத்தின் மோனசைட் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழும் கறுப்பெலிகளைப் பிடித்து, பல்லையும் எலும்பையும் மற்ற ஊர் எலிகளோடு ஒப்பிட்டனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் பசுவுக்குப் போடும் சினை ஊசியில் இருக்கும் விந்து இந்த மணலை மிதித்த காளையுடையது அன்று. ஊட்டி, ஈச்சங்கோட்டை போன்ற இடங்களின் உறைவிந்து நிலையங்களிலிருந்து, மைனஸ் 196 பாகை திரவ நைட்ரஜனில் வருவது. பிறகு ஏன் சினை பிடிக்கவில்லை? பருவ அறிகுறியைக் கவனிக்கத் தவறி நேரம் தாழ்ந்து ஊசி போடுவது, தாது உப்புப் பற்றாக்குறை, கருப்பை அழற்சி, வெயில் சூடு. கன்று வீசியிருந்தால் புருசெல்லா என்னும் நுண்ணுயிரி. இவற்றை முதலில் பாருங்கள். தாது மணல் அகழ்வு வேண்டுமா என்பது கரையையும் மீனவர் வாழ்வையும் தொட்ட பெரிய கேள்வி. அதற்குப் பசுவின் சினைப்பை சாட்சி சொல்லத் தேவையில்லை.

எல்லை பற்றி ஒரு விளக்கம். மலட்டுத்தன்மைக்குத்தான் கீழெல்லை உண்டு. மரபணு மாற்றத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை என்று கொண்டே பாதுகாப்பு விதிகள் வகுக்கப்படுகின்றன. அதனால்தான் மணலுக்கு அஞ்சுபவர்கள் எக்ஸ்ரே அறையில் அச்சமின்றி நிற்பதைக் காணும்போது எனக்குப் பதறுகிறது. இடுப்பு எலும்பைப் படம் எடுக்க நாயின் கால்களை இழுத்துப் பிடித்தபடி, ஈய மேலங்கி இல்லாமல் வீட்டார் நிற்கிறார்கள். நாயின் உடலில் பட்டுச் சிதறும் கதிர் பிடித்திருப்பவர் மேல் விழுகிறது. ஒரு படத்தால் நாயோ அவரோ மலடாவதில்லை. ஆனால் தேவையின்றி ஏற்கும் எந்த அளவும் வேண்டாத அளவுதான். இயற்கைக் கதிர்வீச்சு நீங்கலாகப் பொதுமக்களுக்கு ஆண்டு வரம்பே 1 மில்லிசீவர்ட்.

ஸ்கேன் வேறு, எக்ஸ்ரே வேறு. ஆட்டுக்கும் நாய்க்கும் சினை பார்க்கும் ஸ்கேன் வெறும் ஒலியலை. அதில் கதிர்வீச்சு இல்லை. நாயின் குட்டிகளை எண்ண எக்ஸ்ரே வேண்டுமென்றால், குட்டிகளின் எலும்பு படத்தில் தெரியத் தொடங்கும் சினையின் 45ஆம் நாளுக்கு முன் எடுப்பதில் பயனும் இல்லை. உறுப்புகள் உருவாகும் தொடக்க வாரங்களில் அது தீங்கும்கூட.

உங்கள் நாயைப் படம் எடுக்கக் கொண்டுபோனால் மருத்துவரிடம் கேளுங்கள்: மயக்க ஊசி போட்டு, திண்டு வைத்து, வாரால் கட்டிப் படுக்கவைக்க முடியுமா? முடிந்தால் அறைக்குள் யாருமே நிற்க வேண்டியதில்லை. பிடித்தே ஆக வேண்டுமென்றால் ஈய மேலங்கி கேட்டு வாங்குங்கள், கையைக் கதிர் விழும் சதுரத்துக்குள் நீட்டாதீர்கள். கருவுற்ற பெண்களும், கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்களும், சிறுவர்களும் வெளியே நிற்கட்டும்.