ஆயில் ட்ரெயின் நட்டை இப்படியா இறுக்குவது?

போன வெள்ளிக்கிழமை சங்ககிரிப் பக்கமிருந்து ஒரு பழைய பத்துச் சக்கர லாரி பட்டறைக்கு வந்தது. ஆயில் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், சேம்பரில், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டியில், பழைய ஆயிலை இறக்கக் கழற்றுகிற ட்ரெயின் நட்டு ஆறு மூலையும் தேய்ந்து கோலிக்குண்டு மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் உளி வெட்டிய தழும்பு, இன்னொரு பக்கம் பைப் ரெஞ்சு கடித்த தடம். எனக்கு முன்னால் யார் யாரோ அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அரை மணி நேர வேலை மறுநாள் மதியம்தான் முடிந்தது. இந்த மாதத்தில் இது நான்காவது வண்டி. திட்டுவது போலத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"போன தடவை யாரு தம்பி ஆயில் மாத்துனது?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"நாங்களேதாண்ணே. லோடு வண்டியாச்சே, குலுக்கல்ல கழண்டுறக் கூடாதுன்னு ஸ்பேனர்ல பைப்பு மாட்டி ரெண்டு பேரு இழுத்தோம்."

அவர் பயம் பொய்யில்லை. ஓடும்போது நட்டு கழன்று விழுந்தால் சில நிமிடத்தில் சேம்பர் காலி. ஆயில் இல்லாமல் பேரிங் பிடித்து, எஞ்சினின் கிராங்க் தண்டே போய்விடும். ஆனால் அதற்கு மருந்து பைப்பு இல்லை. முறையாக இறுக்கிய நட்டு குலுக்கலில் கழலாது.

இருபது வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்கிறேன்: ஆயிலைத் தடுப்பது மரை இல்லை, இறுக்கமும் இல்லை. நட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே இருக்கிற அந்தச் செம்பு வாஷர். செம்பு மெத்தென்று இருப்பதால், அளவாக இறுக்கும்போது நசுங்கி, இரண்டு முகத்திலும் இருக்கிற கீறல்களில் போய் உட்காரும். அப்படி ஒரு தடவை நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும். அதையே மறுபடி போட்டால் நசுங்காது. நசுங்காவிட்டால் கசியும். கசிந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இன்னும் இறுக்குகிறீர்கள். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். சேம்பர் அலுமினியமாக இருந்தால் இரும்பு நட்டு அதன் மரையை உருவி எடுத்துவிடும். சில ரூபாய் வாஷரை மிச்சம் பிடிக்கப் போய் சேம்பருக்கே செலவு. புது வாஷர் கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டால் பழைய செம்பு வாஷரைச் செக்கச் சிவக்கச் சுட்டு ஆறவிடுங்கள். செம்பு மறுபடி இளகிவிடும். எங்கள் காலத்து மேஸ்திரிகள் பீடி பற்றவைக்கிற நேரத்தில் இதைச் செய்துவிடுவார்கள்.

"துரு பிடிச்சுக்கிச்சுண்ணே" என்பது அடுத்த கதை. வருஷம் முழுக்க ஆயிலில் ஊறுகிற மரையில் துரு எங்கிருந்து வரும்? துரு வெளியே தலையில்தான். அதனால் துரு இளக்கி ஸ்பிரேயை நட்டின் மேல் பீய்ச்சிவிட்டுக் காத்திருப்பதில் பெரிதாகப் பலன் இல்லை. தலையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து மண்ணும் கிரீஸும் போக்குங்கள். பிறகு சுத்தியலால் தலையின் நடுவில் நேராக நாலு தட்டு. அந்த அதிர்ச்சியில்தான் வாஷரின் பிடி விடும்.

கழற்ற ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனரை மட்டும் எடுங்கள். பன்னிரண்டு பல் ரிங் ஸ்பேனர் மூலையை மட்டும் பிடிக்கும், வழுக்கினால் மூலை போச்சு. ஓபன் ஸ்பேனரைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். அப்புறம், எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று பாருங்கள். கீழே படுத்து நட்டின் தலையை நேராகப் பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. சிரிக்காதீர்கள், கழற்றுகிறேன் என்று நினைத்து இறுக்கியே மூலையைத் தேய்த்தவர்கள் நிறையப் பேர்.

மூலை கொஞ்சம் போயிருந்தால் ஒரு அளவு சின்ன பாக்ஸைத் தட்டி ஏற்றிப் பார்க்கலாம். முழுக்க உருண்டுவிட்டால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் உளி, பைப் ரெஞ்சு என்று நீங்கள் செய்வதெல்லாம் எனக்கு மிச்சமிருக்கிற பிடியையும் அழிப்பதுதான்.

தலை மேல் வேறு நட்டை வைத்து வெல்டிங் அடிக்கிற வழி உண்டு. நானும் செய்வேன். ஆனால் உள்ளே ஆயிலோடு ஒருநாளும் இல்லை. முதலில் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் துளை வழியே ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, முடிந்தால் சேம்பரையே இறக்கிக் கழுவிவிட்டு மேஜையில் வைத்துத்தான். காலி சேம்பரில் தங்கிய ஆயில் ஆவியும் பற்றும். வண்டியில் வைத்தே அடிக்கிற தைரியசாலிகள் பேட்டரியைக் கழற்றுவதில்லை, எர்த் கிளிப்பைச் சேஸிஸில் எங்கோ மாட்டுகிறார்கள். கரண்ட் கிராங்க் பேரிங் வழியாகப் போய் அம்மைத் தழும்பு மாதிரி குழி போட்டால், பிறகு எஞ்சின் சத்தத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை வண்டிக்கும் சேம்பரைத்தான் இறக்கினேன். கேஸ்கெட் புதுசு, நட்டு புதுசு, வாஷர் புதுசு. மரை நல்லவேளையாகத் தப்பியிருந்தது. இல்லாவிட்டால் துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்ட வேண்டும். அதையும் சேம்பர் வண்டியில் இருக்கும்போது செய்தால் சீவல் உள்ளே விழும்.

இன்னும் மூன்று. லாரிக்கு அடியில் போக ஜாக்கி வேண்டாம், இடமிருக்கிறது. ஆனால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடாமல் போகாதீர்கள், பழைய வண்டியின் ஹேண்ட் பிரேக்கை நம்பி யாரும் படுக்கக் கூடாது. ஓடி வந்த சூட்டோடு நட்டைக் கழற்றாதீர்கள். ஆயில் முழங்கை வரை வழியும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறினால் போதும், நன்றாகவே இறங்கும். இறங்கியதைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்க உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள்.

அந்தத் தம்பியையே புது நட்டை மாட்டச் சொன்னேன். முதலில் விரலால் நாலு சுற்று, பிறகு இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் அந்த எஞ்சினுக்குச் சொன்ன அளவு. 'டிக்' என்றதும் நிறுத்தச் சொன்னேன். "இவ்ளோதானாண்ணே?" என்று என்னைப் பார்த்தார். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அடியில் வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினேன். துணி வெள்ளையாகவே இருந்தது. ஆனாலும் கிளம்பும்போது அவர் கண் ஸ்பேனர் பக்கம் போனதைக் கவனித்தேன். அவர் வண்டியில் கிடந்த அந்தப் பைப்பை எடுத்து வைத்துக்கொண்டுதான் அனுப்பினேன்.