லாஜிஸ்டிக்ஸ் என்றால் தளவாடமா?

"தளவாடச் செயல்பாடுகளை மேம்படுத்தத் தரவுகளைக் கண்டறிந்து பயன்படுத்துதல்." லாரி ஆபீசிலும் கிடங்கிலும் வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்கான பாடத்தின் தலைப்பு இது. படித்தால் ஏதோ ஆயுதக் கிடங்கில் பீரங்கி எண்ணச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். சரக்கை ஏற்றி, இறக்கி, கிடங்கில் வைத்து, சொன்ன நேரத்தில் சேர்க்கும் மொத்த வேலைக்கும் ஆங்கிலத்தில் லாஜிஸ்டிக்ஸ் என்று பெயர். அந்தச் சொல்லை எங்கே கண்டாலும் கண்ணை மூடிக்கொண்டு 'தளவாடம்' என்று போடுகிறார்கள். கேட்டால் அகராதியில் இருக்கிறதாம்.

முதலில் சொல்லின் வரலாறு, சுருக்கமாக. லாஜிஸ்டிக்ஸ் என்பது பிரெஞ்சிலிருந்து வந்தது. நெப்போலியனின் படையில் இருந்த ஜோமினி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1838இல் வெளியிட்ட போர்க்கலை நூல்தான் இதைப் பரப்பியது. படையை எங்கே தங்கவைப்பது, எப்படி நகர்த்துவது, சோறும் தீவனமும் எப்படிப் போய்ச் சேர்வது என்பதெல்லாம் இதற்குள் அடக்கம். தங்குமிடத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு அவர் இதை இணைத்தார், கணக்கிடுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு இணைப்பவர்களும் உண்டு. எந்த வேரைப் பிடித்தாலும் சரி, அது ஒரு வேலையின் பெயர். பொருளின் பெயர் இல்லை.

தலைப்பில் இருக்கும் இன்னொரு சொல்லான 'தரவு' மேல் எனக்குப் புகார் கிடையாது. டேட்டா என்பதற்கு லத்தீனில் 'தரப்பட்டவை' என்று பொருள், நம்முடையதும் 'தா' என்பதிலிருந்து வந்ததுதான். அழகாகப் பொருந்திய சொல், அதை விட்டுவிடுவோம்.

தளவாடத்துக்கு வருவோம். தமிழில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. போர்த் தளவாடம் என்றால் துப்பாக்கி, குண்டு, டாங்கி. தளவாடச் சாமான் என்றால் தட்டுமுட்டு. இலங்கையில் மேசை நாற்காலிக்குத் தளபாடம் என்பார்கள். எல்லாமே கையால் தொடக்கூடிய சாமான்கள். ராணுவச் செய்திகளை மொழிபெயர்த்தவர்கள் 'லாஜிஸ்டிக் உதவி' என்று வந்த இடத்தில், அங்கே போவது ஆயுதம்தானே என்று தளவாட உதவி என எழுதியிருப்பார்கள், அங்கிருந்து அது அப்படியே தொழில் பக்கத்துக்குத் தாவியிருக்கும் என்பது என் ஊகம். ஆனால் நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ லாரி வைத்திருப்பவரிடம் போய் "நீங்கள் தளவாடத் துறையில் இருக்கிறீர்களா" என்று கேட்டுப்பாருங்கள். மேலும் கீழும் பார்ப்பார்.

சொல் தப்பினால் என்ன, விஷயம் புரிந்தால் போதாதா என்பார்கள். புரியவில்லை என்பதுதான் சிக்கல். 'தளவாடத் தரவைக் கண்டறி' என்று ஒரு பையனிடம் சொன்னால் அவன் எதைத் தேடுவான்? எத்தனை லாரி, எத்தனை ரேக், எத்தனை தள்ளுவண்டி என்று சாமான் கணக்கு எடுத்துக்கொண்டு வருவான். சொன்னபடிதான் செய்தான், அவனைத் திட்டமுடியாது.

சரி, பலரும் எழுதுவது போலச் 'சரக்குப் போக்குவரத்து' என்று வைத்தால்? தளவாடத்தைவிட ஆயிரம் மடங்கு மேல், ஆனால் பாதிதான். போக்குவரத்து என்றதும் புத்தி ஓடுகிற வண்டியின் மேலேயே போய்விடுகிறது: கிலோமீட்டர், டீசல், சுங்கச்சாவடி. காசு போவது பெரும்பாலும் வண்டி நிற்கும் இடத்தில். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சுமார் 350 கிலோமீட்டர், லோடு ஏற்றிய லாரி ஒரே ராத்திரியில் போய்விடும். போனபிறகு கிடங்கு வாசலில் இறக்க ஆளில்லாமல் ஒரு பகல் முழுக்க நிற்கும், வண்டி காத்துக்கிடந்ததற்கான ஹால்டிங் காசுக்குச் சண்டை நடக்கும், அதற்குள் திரும்பும் லோடு கைவிட்டுப் போயிருக்கும். அந்த நேரமெல்லாம் எங்கே பதிவாகிறது? கேட்டில் செக்யூரிட்டி வைத்திருக்கும் நீள நோட்டில். வண்டி எண், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், டிரைவர் கையெழுத்து. அந்த நோட்டு நிறைந்ததும் பழைய பேப்பர்காரருக்குப் போகும்.

இத்தனைக்கும் மற்ற தரவெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டினால் 2018 ஏப்ரலிலிருந்து இ-வே பில் என்ற ஆன்லைன் சீட்டு வேண்டும், அதில் வண்டி எண்ணும் தூரமும் இருக்கும். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கில் அது செல்லும். எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது என்பதை ஃபாஸ்டேக் சொல்லிவிடும். இந்த இரண்டோடு கேட் நோட்டையும் ஒரு எக்செல் தாளில் சேர்த்துவைத்தால், எந்தக் கிடங்கு வண்டியைக் காக்கவைக்கிறது, எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் போனால் வரிசை குறைவு என்பது தெரிந்துவிடும். புறப்படும் நேரத்தை மாற்றலாம், ஹால்டிங் கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்கும். அந்தப் பாடம் சொல்ல வந்ததும் இதைத்தான், தலைப்பு விடவில்லை.

அப்புறம் என்னதான் எழுதுவது? 'ஏற்பாடு' என்று எழுதுங்கள். கல்யாண ஏற்பாடு என்கிறோமே, அதில் பந்தி, பந்தல், வண்டி, விருந்தாளிகளுக்கு ரூம் எல்லாம் அடங்கவில்லையா? எது, எங்கே, எப்போது, யார் கையில் என்கிற மொத்த வேலையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. தொழிலுக்குச் சரக்கு ஏற்பாடு. படிப்புக்கு ஏற்பாட்டியல் என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள், அது போதும். 'பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு' ஞாபகம் வருகிறது என்று ஒரு நண்பர் சிரித்தார். வரட்டுமே, 'சரக்கு' என்றாலும்தான் சிலருக்கு வேறு ஞாபகம் வருகிறது. தூய்மை பார்த்து நான் சண்டைபோடவில்லை. ஏற்பாடு பிடிக்காவிட்டால் லாஜிஸ்டிக்ஸ் என்றே எழுதுங்கள், கம்பெனி போர்டில் அப்படித்தானே இருக்கிறது. தப்பான தமிழைவிட அது எவ்வளவோ தேவலை.

ஏனென்றால் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்க்கும் தப்பு குட்டிபோட்டுக்கொண்டே போகிறது. கிலோமீட்டரில் பேசுகிற ஊரில் 'கடைசி மைல் விநியோகம்' என்கிறார்கள். வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மைல் எதற்கு? வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் பொருளைக் கிடங்குக்குக் கொண்டுவரும் வேலைக்கு ஒருவர் 'தலைகீழ் தளவாடங்கள்' என்று எழுதியிருந்தார். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள் போல. 'திரும்பு சரக்கு' என்று எழுதியிருந்தால் லோடுமேனுக்கும் புரிந்திருக்கும்.