பல்லுயிர்ப் பெருக்கமா, உயிர்ப் பல்வகைமையா?

சர்வதேச ‘பயோடைவர்சிட்டி’ (biodiversity) நாளான மே 22 நெருங்கினால் போதும், ‘பல்லுயிர் பெருக்கம் குறைந்து வருகிறது’ என்று யாராவது எழுதிவிடுவார்கள் (இடையில் வரவேண்டிய ஒற்றுகூட இருக்காது). பெருக்கம் எப்படிக் குறையும்? பெருகும் வேகம் குறைகிறதா, பெருகியது குறைகிறதா?

‘பல்லுயிர்ப் பெருக்கம்’ என்று நாம் மொழிபெயர்க்கும் ‘பயோடைவர்சிட்டி’ என்ற மூலச் சொல்லின் கதை சின்னது. ‘பயலாஜிக்கல் டைவர்சிட்டி’ (biological diversity) என்பதை வைத்து 1985இல் அமெரிக்க அறிவியலாளர் வால்டர் ரோசன் உருவாக்கிய சுருக்கம் அது. இதே பொருளில் நடந்த 1986 வாஷிங்டன் மாநாடும், அதையொட்டி உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் தொகுத்து 1988இல் வந்த நூலும் அதைப் பரப்பின. மரபணு, இனம், சூழலமைப்பு ஆகியவற்றில் உள்ள வேறுபாடுதான் அதன் பொருள். பெருகுதல் என்பது அதில் துளியும் இல்லை.

நமக்குப் பெருக்கம் என்றால் மக்கள்தொகைப் பெருக்கம், கொசுப் பெருக்கம். ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலத்தைப் பாருங்கள், அது அசல் பெருக்கம். அது மண்டிய இடத்தில் மற்ற செடிகள் அருகிப்போகின்றன. அதாவது, பெருக்கம் கூடக்கூட நாம் சொல்லவந்த விஷயம் குறைகிறது! ‘பெருக்கத்து வேண்டும் பணிதல்’ என்று வள்ளுவரே சொல்லவில்லையா என்பார்கள். சரி, அங்கே அது செல்வ மிகுதி. அதற்கு எதிராக அவர் வைத்த சொல் ‘சுருக்கம்’. அதுவும் அளவுதானே தவிர வகை இல்லை.

இதில் அகப்பட்டுக்கொள்பவர்கள் சூழலியல் படிக்கும் மாணவர்கள். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் புல்வெளியில் போட்டு எண்ணுகிறார்கள் என்று வையுங்கள். 20 செடிகள், 4 இனங்கள், இனத்துக்கு ஐந்து. அடுத்த சட்டத்திலும் 20 செடிகள், 4 இனங்கள்தான், ஆனால் கோரை மட்டும் 17, மற்றவை ஒவ்வொன்று. எத்தனை இனங்கள், அவை எவ்வளவு சமமாகப் பங்கிட்டிருக்கின்றன என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் ஷானன் சுட்டெண்ணை இயல் மடக்கையில் (natural log) போட்டால் முதலாவதுக்கு 1.39, இரண்டாவதுக்கு 0.59. மொத்தச் செடிகளும் இனங்களும் பெருகவும் இல்லை, குறையவும் இல்லை. பங்கீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பெருக்கம் என்று மனப்பாடம் செய்துவந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு எங்கே உட்காரும்?

மாற்றாகச் சொல்லப்படும் சொற்களில் ‘பல்லுயிரியம்’ ஏதோ ஒரு கொள்கையின் பெயர் போல ஒலிக்கிறது. ‘உயிர்ப்பன்மை’ பரவாயில்லை, ஆனால் பன்மை என்றதும் ஒருமை பன்மைதான் நினைவுக்கு வரும், மறுபடியும் எண்ணிக்கை. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘உயிர்ப் பல்வகைமை’யில் வகை கண்ணெதிரே இருக்கிறது. அதிலிருந்தே வகை எண்ணிக்கை, வகைச் சமன் (வகைகளின் பங்கு எவ்வளவு சமம் என்பது), பல்வகைமைச் சுட்டெண் என்று களத்துக்கு வேண்டியதை எல்லாம் எடுத்துக்கொள்ளலாம்.

‘பல்லுயிர்ப் பெருக்கம்’ தூய தமிழ்தானே என்று கேட்கிறவர்கள் உண்டு. தூய்மைக்கு என்ன குறை? ஆங்கிலம் கலக்கவில்லை என்றால் வேலை முடிந்தது என்று நினைக்கும் மொழிபெயர்ப்பாளர்களால்தான் ‘பல்லுயிர்ப் பெருக்க இழப்பு’ வரைக்கும் வந்து நிற்கிறோம்.