கொசு கடித்தால் அடுத்தவர் ரத்தம் நமக்குள் வருமா?

கையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கும் கொசுவைப் பட்டென்று அடிக்கிறோம். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு தீற்றல். இது நம் ரத்தமா, பக்கத்தில் தூங்குகிறவருடையதா? அவருக்கு எச்.ஐ.வி.யோ, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-யோ இருந்தால் என்ன ஆகும்? ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் இந்த நோய்கள் தொற்றும் என்று எல்லோருக்கும் தெரியும். கொசுவும் ஒரு ஊசிதானே, அதுவும் யாரும் கழுவாத ஊசி!

சந்தேகத்தில் தப்பில்லை. ஆனால் கொசுவின் வாயை நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த ஊசி உவமை ஆட்டம் காண ஆரம்பிக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியும் தும்பிக்கை, உண்மையில் ஓர் உறை. கடிக்கும்போது அது வில்லாக மடிந்து தோலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே இறங்குபவை, முடியைவிட மெல்லிய 6 குச்சிகள். நான்கு குச்சிகள் தோலை அறுத்து வழி செய்கின்றன. ஐந்தாவது, ரத்தத்தை மேலே இழுக்கும் குழல். ஆறாவதில் ஓடுவது கொசுவின் எச்சில்; ரத்தம் உறையாமல் இருப்பதற்காக அதைக் கீழே இறக்குகிறது. நமக்கு அரிப்பதும் அந்த எச்சிலால்தான். ஆக, ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு வேறு பாதை. முன்பு குடித்த ரத்தத்தைக் கொசு நமக்குள் திருப்பித் துப்புவதில்லை.

அப்படியானால் டெங்கு எப்படிப் பரவுகிறது? டெங்கு வைரஸுக்குக் கொசு வெறும் வண்டி இல்லை, குடியிருக்கும் வீடு. குடித்த ரத்தத்தோடு குடலுக்குப் போகும் வைரஸ், குடல் சுவரின் செல்களுக்குள் நுழைந்து பெருகுகிறது. பிறகு சுவரைத் தாண்டி உடலெங்கும் பரவி, கடைசியில் எச்சில் சுரப்பியைப் பிடித்துக்கொள்கிறது. இதற்குச் சாதாரணமாக 8 முதல் 12 நாள் ஆகும். அதற்கப்புறம்தான் அந்தக் கொசுவின் கடி ஆபத்தானது.

இந்த இடைவெளி புரியாமல் ஒரு பெரிய கண்டுபிடிப்பே கிட்டத்தட்ட இருபது வருடம் கிடப்பில் இருந்தது. டெங்கு மாதிரியே வைரஸால் வரும் மஞ்சள் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்று கியூபாவின் மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-இலேயே சொல்லிவிட்டார். பாவம், அவருடைய சோதனைகள் யாரையும் நம்பவைக்கவில்லை. நோயாளியைக் கடித்த கொசுவைச் சில நாட்களிலேயே அடுத்தவரைக் கடிக்கவிட்டதுதான் காரணம். 1898-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் மருத்துவர் ஹென்றி கார்ட்டர் ஒன்றைக் கவனித்தார்: முதல் நோயாளி வந்த வீட்டில் அடுத்தவர் படுக்க இரண்டு, மூன்று வாரம் ஆகிறது. 1900-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீடின் குழு, கொசுக்களை 12 நாள் போலக் காத்திருக்க வைத்தது. நோய் தொற்றியது.

எச்.ஐ.வி.க்கு எத்தனை நாள் காத்திருந்தாலும் பயனில்லை. அது நுழைவதற்கு நம்முடைய சில வெள்ளணுக்களில் இருக்கும் சிடி4 என்ற பூட்டு வேண்டும். கொசுவின் செல்களில் அது கிடையாது. குடித்த ரத்தத்தோடு சேர்ந்து, ஓரிரு நாளில் வைரஸும் செரித்துப்போகிறது.

சரி, குடல் வரை போகாமல் வாயில் ஒட்டியிருக்கும் ரத்தம்? அதையும் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இந்த வழியில் பரவும் நோய் நிஜமாகவே இருக்கிறது. குதிரைத் தொற்று ரத்தசோகையைக் கொண்டுவருவது எச்.ஐ.வி.யின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லத்தக்க ஒரு லென்டிவைரஸ். பரப்புவது குதிரை ஈ. அது உறிஞ்சுவதில்லை, கத்திரிக்கோல் மாதிரி தோலை வெட்டி, ஊறும் ரத்தத்தை நக்குகிறது. வலி தாங்காமல் குதிரை வாலால் அடிக்கும். ஈ பாதி வயிற்றோடு, ஈர வாயோடு, பக்கத்துக் குதிரைக்குப் பறக்கும். அந்த வாயில் மிஞ்சுவது சுமார் 10 நானோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் குதிரையின் ரத்தத்தில் வைரஸ் அவ்வளவு அடர்த்தி என்பதால் இந்தத் துளியே போதும். அதனால்தான் அமெரிக்காவில் நோயுற்ற குதிரையை மற்றவற்றிலிருந்து குறைந்தது 200 கஜம் தள்ளிக் கட்டச் சொல்கிறார்கள்.

இதே கணக்கை மனிதருக்குப் போட்டுப் பார்க்கலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி தவறுதலாகக் குத்திவிட்டால், சிகிச்சை எடுக்காதபோதும், 1000 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் தொற்றுகிறது. அந்த ஊசிக்குள் இருக்கும் ரத்தமோ குதிரை ஈயின் வாயில் ஒட்டுவதைப் போல 100 மடங்கு. கொசுவின் வாயில் ஒட்டுவது ஈயினுடையதைவிடவும் குறைவு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பாதியில் விரட்டினால் அதுவும் அடுத்தவரிடம் போகும், மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கணக்கு எட்டவில்லை.

காகிதக் கணக்கை நம்பாதவர்களுக்கு ஃபுளோரிடாவின் பெல் கிளேட் ஊர் இருக்கிறது. 1980-களில் அங்கே எய்ட்ஸ் மிக அதிகமாக இருந்ததால் கொசுமேல் பழி விழுந்தது. ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தார்கள். கொசு கடிப்பதென்றால் வயது பார்க்காது, குழந்தைகளையும் கிழவர்களையும்கூடக் கடிக்கும். ஆனால் பரிசோதித்த 2 முதல் 10 வயதுக் குழந்தைகளில் ஒருவரிடமும், 60 வயதைத் தாண்டியவர்களில் ஒருவரிடமும் எச்.ஐ.வி. இல்லை. பாலுறவாலும் போதை ஊசியாலும்தான் அது பரவியிருந்தது.

ஹெபடைடிஸ் பி கொஞ்சம் முரண்டு பிடிக்கும் விஷயம். அந்த வைரஸ் ரத்தத்தில் எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு அடர்த்தி; மூட்டைப்பூச்சியின் உடலில் வாரக்கணக்கில் அதன் தடயம் கிடைத்திருக்கிறது. எனக்கும் இந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் இதை நேராகவே சோதித்தார்கள். சில வீடுகளில் பூச்சிமருந்து தெளித்தார்கள், சில வீடுகளில் தெளிக்கவில்லை. தெளித்த வீடுகளில் மூட்டைப்பூச்சி வெகுவாகக் குறைந்தது. குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தொற்றுவது மட்டும் குறையவே இல்லை.

உள்ளங்கைத் தீற்றலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் போதும். அடிபடும் முன்பே அந்தக் கொசு நமக்குள் இறக்கிவிட்ட எச்சில்தான் இனி அடுத்த சில நாட்களில் காய்ச்சல் வருகிறதா என்று பார்க்க வைப்பது.