காட் மீன் கரைக்கு ஏன் இவ்வளவு பக்கத்தில் வருகிறது?

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "டோர்செட்டில் செசில் கடற்கரையில் டிசம்பர் இருட்டில் ஆட்கள் தூண்டிலோடு வரிசையாக நிற்கிறார்கள். காட் ஆழத்து மீன்தானே? கரையில் நின்றால் எப்படி மாட்டும்?"

காட் குளிர்நீர் மீன். நம்மூர் மருந்துக் கடையில் கிடைக்கும் காட் லிவர் எண்ணெய் இதன் ஈரலில் எடுப்பதுதான். கோடையில் ஆழத்துக்குப் போய்விடும். அக்டோபர் வாக்கில் கரையோரத் தண்ணீர் குளிர்ந்ததும் இரை தேடிக் கரைப்பக்கம் வரும். சரி, அத்தனை மணற்கரைகள் இருக்க, செசிலில் ஏன் கூட்டம்?

செசில் சுமார் 29 கிலோமீட்டர் நீளமுள்ள கூழாங்கல் மேடு. மேற்கே வெஸ்ட் பே பக்கம் கற்கள் பட்டாணி அளவு. கிழக்கே போர்ட்லாந்து தீவை நெருங்க நெருங்க உருளைக்கிழங்கு அளவு. மேடு செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. எனக்குப் பிடித்த சங்கதி இந்தச் சரிவு உருவாகும் விதம்தான்.

அலை கரையேறும்போது கற்களை உருட்டிக்கொண்டு மேலே வருகிறது. மணற்கரை என்றால் ஏறிய தண்ணீரில் பெரும்பகுதி மேற்பரப்பிலேயே திரும்பி ஓடி, கொண்டுவந்ததை எடுத்துக்கொண்டு போய்விடும். கூழாங்கல் மேடோ வடிதட்டு மாதிரி. கற்களுக்கிடையே உள்ள சந்துகள் பெரியவை. ஏறிய தண்ணீரில் கணிசமான பங்கு அங்கேயே உள்ளே இறங்கிவிடுகிறது. திரும்பும் நீரோட்டம் இளைத்துப்போக, கற்களில் சில மேலேயே தங்கிவிடுகின்றன. அடுத்த அலையிலும் இதே கதை. சரிவு கூடிக்கொண்டே போய், கல்லைக் கீழே இழுக்கும் எடையும் மேலே தள்ளும் அலையும் ஈடாகும் இடத்தில் நிற்கிறது. கல் பெரிதாகப் பெரிதாகச் சந்தும் பெரிது, சரிவும் அதிகம்.

இப்போது கணக்கு. அலை தன் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகமான ஆழத்துக்கு வந்ததும் உடையும். 2 மீட்டர் அலை ஏறக்குறைய 2.5 மீட்டர் ஆழத்தில் உடைகிறது என்று வைப்போம். 50 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் மணற்கரையில் அந்த இடம் 125 மீட்டர் தள்ளி இருக்கும். 5 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் கற்கரையில் 12.5 மீட்டர்தான்! வழியில் பெரிதாகச் சக்தியை இழக்காமல் வந்த அலை காலடியிலேயே விழுகிறது. புயலடித்தால் அடித்தரை கலங்கி, புழுக்களும் சிப்பிகளும் நண்டுகளும் வெளியே வந்துவிடும். தாடையின் கீழ் தொங்கும் ஒற்றை மீசையால் தரையைத் தடவிச் சுவை பார்க்கும் காட் மீனுக்கு, கலங்கலும் இருட்டும் தடையே இல்லை. கடற்புழுவைக் கோத்து, 150 கிராம் ஈயக்குண்டோடு வீசினால் நல்ல ஆழத்திலேயே போய் விழும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தூண்டில்காரர்கள் கிளம்புவதும் மூடநம்பிக்கை அல்ல. அப்போது ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) பெரிது, நீரோட்டமும் வலுவாக இருக்கும். பக்கத்திலேயே போர்ட்லாந்தில் 'முயல்' என்று வாய்விட்டுச் சொன்னால் கெடுதல் என்கிறார்களே, அது வேறு ரகம். செசிலுக்கு வெளியே அலையை அளக்கும் மிதவை ஒன்று இருக்கிறது. கிளம்பும் முன் அதன் அளவுகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இப்படிப்பட்ட கருவிகளுக்கு ஒதுக்கும் பணத்தை வீண்செலவு என்பவர்களை ஒரு டிசம்பர் இரவு அங்கே நிறுத்த வேண்டும்.

ஒரு வருத்தம்: அளவுமீறிய மீன்பிடிப்பாலும் கடல் சூடாவதாலும் அந்தப் பக்கம் காட் மிகவும் குறைந்துவிட்டது. 35 சென்டிமீட்டருக்குக் குறைவானதைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

மீன் மாட்டியபின் கரையேற்றுவதற்கும் அதே அலைதான். பின்வாங்கும் தண்ணீருக்கு எதிராக இழுத்தால் தூண்டில் நரம்பு அறுந்துவிடும். அந்த நேரம் பிடியைத் தளர்த்தி, அடுத்த அலை மீனைத் தூக்கும்போது அதனோடு சேர்ந்து நரம்பைச் சுற்றிக்கொண்டே பின்னால் நடப்பார்கள். மீனை எடுக்கத் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கவே கூடாது. பெரிய அலை நாட்களில் காலுக்குக் கீழே கற்களே சரிந்து ஆளை இழுத்துப் போய்விடும்.