கடவுவிசையா, கடவுச்சாவியா?

பெரியம்மா போன மாதம் போனில் கேட்டார்: “ஏம்பா, கடவு விசையை உருவாக்குன்னு வருது. கீபோர்டுல அந்த விசை எங்க இருக்கு?”

அவர் போனைத் தமிழில் வைத்திருப்பவர். எதையும் நிறுத்தி, முழுதாகப் படித்துவிட்டுத்தான் விரல் வைப்பார். திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். “விரைவாகவும் பாதுகாப்பாகவும் உள்நுழைய கடவு விசையை உருவாக்கவும்” என்று ஒரு வரி. அதன் கீழே “தொடர்க”, “இப்போது வேண்டாம்” என்று இரண்டு பொத்தான்கள். பெரியம்மா கீபோர்டை வரவழைத்து, எழுத்துப் பக்கம், எண் பக்கம், குறியீட்டுப் பக்கம் எல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறார். கடவு விசை எதிலும் இல்லை. “இப்போது வேண்டாம்” என்பதைத் தொட்டுவிட்டு வந்துவிட்டார். நாலு நாளில் அதே வரி திரும்ப வந்தது.

அவர் மேல் ஒரு தவறும் இல்லை. விசை என்று எழுதியிருந்தது. தமிழ் தெரிந்தவர் விசையைத் தேடினார். இந்தச் சொல்லை வேறு பல செயலிகளிலும் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் திரை கடவு விசை என்று சொல்வது ஆங்கிலத்தில் பாஸ்கீ. அது என்ன என்று முதலில் சுருக்கமாக. கடவுச்சொல் இல்லாமல் ஒரு தளத்துக்குள் நுழைவதற்கான வழி அது. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து இதை ஆதரிப்பதாக அறிவித்தன. அதன் அடித்தளமான வெப்ஆத்தன் என்ற தரம் 2019இலேயே வந்துவிட்டது. அதற்கும் அடியில் இருக்கும் கணிதம் 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளைத்தது. நீங்கள் பாஸ்கீ ஒன்றை உருவாக்கும்போது, ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு பெரிய எண்கள் பிறக்கின்றன. ஒன்று தளத்திடம் போகிறது. மற்றது உங்களிடமே தங்குகிறது; தளத்துக்கு ஒருபோதும் போவதில்லை. தளம் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புதிரை அனுப்பும். உங்கள் போன் தன்னிடம் இருக்கும் எண்ணைக் கொண்டு அதில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். கையொப்பம் பொருந்தினால் கதவு திறக்கும். தளத்தின் கிடங்கைத் திருடர்கள் கொள்ளையடித்தாலும் அவர்களுக்குக் கிடைப்பது பூட்டுகள்தான், சாவிகள் கிடைக்காது. போலித் தளத்திலும் அந்தச் சாவி திரும்பாது, ஏனென்றால் அது உண்மையான தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவையும் விளக்கும்போது பூட்டு, சாவி, கதவு, திறப்பது என்ற சொற்கள் தாமாகவே வந்து விழுந்தன. விசை என்ற சொல்லுக்கு ஓர் இடத்திலும் தேவை வரவில்லை.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் பாஸ்கீ பழைய சொல். ஒரு கட்டடத்தின் பல பூட்டுகளைத் திறக்கும் பொதுச்சாவிக்கு அந்தப் பெயர் இருந்தது. இன்றைய பாஸ்கீ அதற்கு நேர் எதிர். தனக்குரிய ஒரு கணக்கைத் தவிர வேறெதையும் திறக்காது. பாஸ்வேர்டு என்ற சொல்லோடு ஒலி ஒட்டி வரவேண்டும் என்பதற்காகப் பழைய சொல்லை எடுத்துப் புதிய பொருளை ஏற்றிவிட்டார்கள். ஆகவே ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, பாஸ் என்றால் கடவு, கீ என்றால் விசை என்று ஒட்டுவதில் நமக்கு ஒரு பயனும் இல்லை.

கடவு நல்ல சொல். கட என்ற வினையிலிருந்து வந்தது. வழி, கணவாய் என்று பொருள். இலங்கையில் சாலையைக் கடக்கும் இடத்தைப் பாதசாரிக் கடவை என்கிறார்கள். கடவுச்சீட்டு நெடுநாளாக இருக்கிறது. அந்த வரிசையில் கடவுச்சொல் வந்து இயல்பாக உட்கார்ந்தது. கணினியில் கடவுச்சொல்லின் வரலாறு 1961 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்திய காலம். அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்க, அங்கிருந்த கணினி அறிஞர் கொர்பாட்டோவின் குழு அதைக் கொண்டுவந்தது. கடவு இவ்வளவுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை விசையோடு.

விசை என்றால் வேகம், உந்தும் ஆற்றல். ஈர்ப்பு விசை என்கிறோம். விசைத்தறி, விசைப்படகு என்கிறோம். துப்பாக்கியின் விசை என்றால் விரல் வைத்து இழுக்கும் பகுதி. இந்தக் கடைசிப் பொருளிலிருந்துதான் விசைப்பலகை பிறந்திருக்க வேண்டும். அழுத்தினால் ஒன்று நடக்கும், ஆகவே அது விசை. மிக அழகான ஆக்கம், அதைக் குறை சொல்லும் எண்ணமே எனக்கு இல்லை. ஆங்கிலம் அழுத்துவதற்கும் திறப்பதற்கும் கீ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. தேர்வுத் தாளின் விடைக்குறிப்பும் ஆங்கிலத்தில் கீதான். அதை யாரும் விடைவிசை என்று எழுதுவதில்லை. நம்மிடம் இருக்கும் வேறுபாட்டை அழித்துவிட்டு, ஆங்கிலத்தின் வறுமையை ஏன் கடன் வாங்க வேண்டும்?

எதிர்த்தரப்பின் வாதங்களை நான் நன்றாக அறிவேன். ஒன்று, சீர்மை. கீ என்றால் விசை என்று கலைச்சொல் பட்டியலில் ஏறிவிட்டது, எல்லா இடத்திலும் அதையே போட வேண்டும் என்பார்கள். சீர்மை என்பது ஒரு பொருளுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்துவது. ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு ஒரே தமிழ்ச் சொல்லைப் போடுவதைச் சீர்மை என்று சொன்னால், ஆங்கிலத்துக்கு விசுவாசமாக இருந்து தமிழ் வாசகரைக் கைவிட்டதாகத்தான் ஆகும். அந்தச் சீர்மையால்தான் பெரியம்மா கீபோர்டின் மூன்று பக்கங்களையும் புரட்டினார்.

இரண்டாவது வாதம் தூய்மை. சாவி தமிழ் இல்லையாம். உண்மைதான். போர்த்துகீசியரின் ‘சாவே’ நம் வாயில் சாவியாயிற்று. மேசை, அலமாரி, சன்னல் எல்லாம் அதே கப்பலில் வந்தவை. நானும் தமிழ்ச் சொல் இருக்கும் இடத்தில் வேற்றுச் சொல்லை விரும்பாதவன்தான். ஆனால் தூய்மைக்காகச் சாவியை விலக்கினால், அந்த இடத்துக்கு வரவேண்டியது திறவுகோல். விசை எந்த வழியில் வந்தது? வேற்றுச் சொல்லை விரட்டுகிறேன் என்று, பொருள் பொருந்தாத தமிழ்ச் சொல்லைக் கொண்டுவந்து நிறுத்துவது தூய்மைக்கும் தொண்டு ஆகாது. பொருளைப் பற்றிய கவனம் போனபின் சொல் தமிழாக இருந்து என்ன பயன்?

மூன்றாவதாக, தகவலைப் பூட்டிக் காக்கும் மறையாக்கத் துறையில், தளத்திடம் போகும் எண்ணை ‘பொது விசை’ என்றும் நம்மிடம் தங்கும் எண்ணை ‘தனி விசை’ என்றும் ஏற்கெனவே எழுதுகிறார்களே என்பார்கள். எழுதுகிறார்கள், அதுவும் தவறுதான். பொதுச்சாவி, தனிச்சாவி என்றோ பொதுத் திறவுகோல், தனித் திறவுகோல் என்றோ எழுதினால் கல்லூரி மாணவருக்குப் பாதிப் பாடம் அந்தச் சொல்லிலேயே விளங்கிவிடும். ஒரு தவறு முன்னால் போயிருக்கிறது என்பது அடுத்த தவறுக்கு வழிவிடும் காரணமாகாது.

எந்தப் பெயர்ச்சொல்லையும் எடைபோட நான் வைத்திருக்கும் தராசு வினைச்சொல். விசையை அழுத்துகிறோம், முடுக்குகிறோம், தட்டுகிறோம். சாவியை வைத்திருக்கிறோம், தொலைக்கிறோம், தேடுகிறோம், இன்னொருவரிடம் கொடுக்கிறோம், மாற்றுச்சாவி செய்கிறோம், பூட்டை மாற்றிவிட்டால் பழையதைத் தூக்கிப் போடுகிறோம். இப்போது பாஸ்கீயோடு நாம் செய்வதைப் பாருங்கள். அதை உருவாக்குகிறோம், சேமிக்கிறோம், இன்னொரு போனுக்குக் கொண்டுபோகிறோம், குடும்பத்தில் ஒருவரோடு பகிர்கிறோம், வேண்டாமென்றால் நீக்குகிறோம், போன் தொலைந்தால் அதையும் தொலைத்துவிட்டோமோ என்று பயப்படுகிறோம். இதில் ஒன்றுகூட விசைக்குச் சேராது. “விசை தொலைந்துபோச்சு” என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் கீபோர்டில் ஒரு பொத்தான் கழன்று விழுந்துவிட்டது என்று நினைப்பார். பாஸ்கீகளைச் சேர்த்து வைக்கும் இடத்துக்குச் சாவிக்கொத்து என்ற பெயர் நம் வீட்டு ஆணியிலேயே தொங்குகிறது. விசையை விடமாட்டேன் என்பவர் அதை விசைச்சங்கிலி என்று எழுத வேண்டிவரும்.

நேர்மையாக ஒன்றையும் சொல்லவேண்டும். பொறிமுறையை மட்டும் பார்த்தால் பாஸ்கீக்கு மிக நெருங்கிய பழம்பொருள் முத்திரை மோதிரம். அரசன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுப்பதில்லை. ஓலையில் பதித்துத்தான் அனுப்புகிறான். பார்ப்பவர் பதிவை வைத்து ஆளை அறிகிறார். போன் செய்வதும் அதுதான். ‘கடவுமுத்திரை’ என்ற சொல்லைச் சில நாள் மனதில் வைத்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பயன்படுத்துபவரின் அனுபவம் முத்திரை பதிப்பது அல்ல, கதவைத் திறந்து உள்ளே போவது. கையொப்பம் திரைக்குப் பின்னால் நடக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளும்படி அவரை வற்புறுத்த ஒரு பொத்தானுக்கு உரிமை இல்லை. அதனால் அந்தச் சொல்லைக் கைவிட்டேன்.

இன்னொரு ஆக்கமும் காதில் விழுகிறது: ‘கைரேகைக் கடவுச்சொல்’. இது விசையைவிட ஆபத்தானது. தன் ரேகையைத் தளத்துக்காரர் வாங்கி வைத்துக்கொள்கிறார் என்று படிப்பவர் நினைப்பார். ரேகை போனை விட்டு வெளியே போவதே இல்லை. போனுக்குள் இருக்கும் சாவியை எடுக்க, ஆள் நீங்கள்தானா என்று போன் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ரேகை வேண்டாம் என்றால் திரைப்பூட்டின் எண்ணே போதும்.

ஆக, மிஞ்சுவது மூன்று. கடவுத்திறவுகோல் பொருளில் குறையற்றது, ஆனால் ஒன்பது எழுத்து. பொத்தானில் அடங்காமல் பாதியில் புள்ளி புள்ளியாக நிற்கும். இலங்கையில் சாவியைத் திறப்பு என்பார்கள். கடவுத்திறப்பு அங்குள்ளவர்களுக்கு உடனே விளங்கும், மற்றவர்களுக்குத் திறப்பு விழா நினைவுக்கு வரும். கடவுச்சாவி ஆறே எழுத்து, எவருக்கும் அகராதி தேவையில்லை. சில செயலிகளில் இந்தச் சொல்லையே போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவருக்கு என் வணக்கம். அதில் எனக்குள்ள ஒரே வருத்தம், கடவுச்சொல்லும் கடவுச்சாவியும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் திரையில் வரும்போது கண் தடுமாறுவதுதான். முதல் நான்கு எழுத்தும் ஒன்று. ஆங்கிலத்திலும் இதே தடுமாற்றம் உண்டு. நாம் அதிலிருந்து தப்பியிருக்கலாம். விளக்க வரிகளிலாவது கடவை விட்டுவிட்டு வெறும் சாவி என்று எழுதினால் போதும். “இந்த போனில் உங்கள் சாவியை வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டால் பெரியம்மா என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

மொழிபெயர்ப்பவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. திரை அவர்கள் கண்ணில் படுவதே அரிது. அட்டவணையில் நூற்றுக்கணக்கான வரிகள் வரும், ஒவ்வொன்றும் தனித்தனியாக. எந்தப் பொத்தான், எந்த இடம், யார் படிப்பார் என்று ஒன்றும் இருக்காது. அதனால்தான் சேமிப்பகத்தில் காலியாக இருக்கும் இடம் ‘இலவச இடம்’ ஆகிறது. அதனால்தான் கடவுச்சொல் அமைக்கும்போது “குறைந்தது ஒரு பெரிய எழுத்தும் ஒரு சிறிய எழுத்தும் வேண்டும்” என்று வருகிறது. தமிழில் பெரிய எழுத்து ஏது, சிறிய எழுத்து ஏது? ‘ஆங்கிலப் பெரிய எழுத்து’ என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள். வங்கியிலிருந்து வரும் ஆறு இலக்க எண்ணை ‘ஒருமுறை கடவுச்சொல்’ என்கிறார்கள். அதில் சொல்லே இல்லை, எல்லாம் எண்கள். ‘ஒருமுறைக் கடவெண்’ என்றால் படிப்பவர் எண்ணைத் தேடுவார், உடனே கிடைக்கும். இவற்றையெல்லாம் திருத்த அறிவாளி தேவையில்லை. வெளியிடுவதற்கு முன் தமிழ் மட்டுமே படிக்கும் ஒருவரிடம் போனைக் கொடுத்து, பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நிறுவனங்கள் தருவதில்லை என்பதுதான் என் கோபம்.

கடைசியாக எழுத்து பற்றி ஒரு சொல். கடவுக்குப் பின் ச் மிகும். ‘கடவுசொல்’, ‘கடவு சொல்’ என்று எழுதி எழுதி அந்த ஒற்றை ஏற்கெனவே பாதி தொலைத்துவிட்டோம். கடவுச்சாவி இப்போதுதான் பழக்கத்துக்கு வருகிறது; சேர்த்தே எழுதுங்கள், ஒற்றுடன் எழுதுங்கள்.