டஞ்சன்: சிறை அல்ல, பிலம்

டஞ்சன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் அகராதிகளில் தேடினால் ‘பாதாளச் சிறை’ என்ற பொருள்தான் முதலில் கண்ணில் படும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கற்பனைப் பாத்திரங்களாக மாறி ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தைப் பற்றி எழுதும்போதும் அதையே போட்டுவிட்டால் தப்பாகிவிடும். அந்த ஆட்டத்தில் யாரும் டஞ்சனில் அடைபட்டுக் கிடப்பதில்லை. புதையல் தேடித் தாங்களாகவே உள்ளே நுழைகிறார்கள்.

இந்தச் சொல் பிறந்த இடமும் சிறை அல்ல. சொல்லப்போனால் நிலத்தடியே அல்ல. லத்தீனில் ‘டொமினஸ்’ என்றால் ஆண்டான், தலைவன். அந்த வேரிலிருந்து பழைய பிரெஞ்சில் ‘டோன்ஜோன்’ வந்தது. கோட்டைக்கு நடுவே ஓங்கி நிற்கும் தலைமைக் கோபுரம் என்று பொருள். (இணையத்தில் டொமைன் வாங்குகிறோமே, அதுவும் இதே வேர்தான்.) பாரிஸ் பக்கத்தில் வேன்சென் கோட்டையின் டோன்ஜோன் இன்றும் சுமார் 50 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, 14-ஆம் நூற்றாண்டில் அரசருக்காகக் கட்டியது. பின்னாளில் அது சிறையானது. 1749-இல் தத்துவ அறிஞர் திதரோவை அங்கேதான் கொண்டுபோய் அடைத்தார்கள். கோட்டையிலேயே தடித்த சுவர் கோபுரத்துச் சுவர். கைதியை வைக்க அதைவிடத் தோதான இடம் ஏது? இப்படித்தான் ஆங்கிலத்தில் இந்தச் சொல் கோபுரத்து உச்சியிலிருந்து இறங்கி, அடியிலுள்ள இருட்டறைக்கு வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு டோன்ஜோன் இன்றும் கோபுரம்தான்.

மூன்றாவது திருப்பம் அமெரிக்காவில். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிகளை வெளியிட்டார்கள். ஆர்னெசனின் பிளாக்மூர், கைகாக்ஸின் கிரேஹாக் ஆகிய இரண்டு கற்பனை உலகங்களிலும் ஒரு கோட்டை உண்டு. அதன் அடியில் அடுக்கடுக்காக அறைகள், வழிகள், பொறிகள், அரக்கர்கள். கீழே போகப் போக ஆபத்தும் கூடும், புதையலும் கூடும். சிறை என்ற பொருள் இங்கே கழன்றே போய்விட்டது.

கணினிக்கு இது அப்படியே பொருந்திவந்தது. சுவர், கதவு, தரை போதும். வானமும் காடும் வரைய வேண்டியதில்லை. 1980-இல் வந்த ‘ரோக்’ ஆட்டத்தில் படமே கிடையாது. புள்ளிகள்தான் தரை, கோடுகள்தான் சுவர், மின்னஞ்சல் முகவரியில் வருகிற சுழிக்குறிதான் நீங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து ஒன்று உங்களை நோக்கி நகர்ந்தால் அரக்கன் வருகிறான் என்று பொருள். 1981-இல் ‘விசார்ட்ரி’: 10 அடுக்குகள், ஒவ்வொன்றும் 20-க்கு 20 கட்டம். ஆடுகிறவர்கள் கிராஃப் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓர் அடி நடந்ததும் பென்சிலால் ஒரு கட்டம் வரைந்துகொள்வார்கள். அப்புறம் 1988-இல் ‘பூல் ஆஃப் ரேடியன்ஸ்’, ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கற்பனை உலகத்தையே கணினிக்குக் கொண்டுவந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நிலவறை’ நல்ல சொல், ஆனால் பொருள் பூட்டிவைக்கும் ஒற்றை அறையைத்தான் நினைவூட்டுகிறது. ‘சுருங்கை’ (சுரங்க வழி) அழகான பழஞ்சொல். சிலப்பதிகாரத்து மதுரையில் யானைக் கூட்டம் போய்வரும் சுருங்கை வீதி உண்டு. ஆனால் அது வழி மட்டுமே, உள்ளே ஓர் உலகம் இல்லை.

என் தேர்வு ‘பிலம்’, அதாவது நிலத்தடிக் குகை. வடமொழியிலிருந்து வந்த சொல்தான். ஆனால் சிலப்பதிகாரக் காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது. கம்பராமாயணத்தின் கிட்கிந்தா காண்டத்தில், சீதையைத் தேடிப்போன வானரர்கள் தாகத்தோடு ஒரு குகைக்குள் நுழைகிறார்கள். கும்மிருட்டில் தடுமாறிப் போனால், உள்ளே மயன் கட்டிய பொன்னகரம். அதில் தனியாகத் தவமிருக்கும் சுயம்பிரபை. உள்ளே வந்தவர்கள் எளிதில் வெளியேற முடியாத இடம். இதைத்தானே ஆட்டக்காரர்கள் டஞ்சன் என்கிறார்கள்!

அந்தப் பகுதிக்கு ‘பிலம் புக்கு நீங்கு படலம்’ என்று பெயர். ‘ரோக்’கில் 26-ஆம் அடுக்குக்கு இறங்கித் தாயத்தை எடுத்தால் மட்டும் வெற்றி கிடைக்காது, அத்தனை அடுக்கும் ஏறி உயிரோடு வெளியே வரவேண்டும். பிலம் புகுந்தால் போதாது, நீங்கவும் வேண்டும்.